முதலில் மிதக்க வையுங்கள்



கடலைப் பற்றி உங்களுக்குச் சொல்லித் தர நான் இதை எழுதவில்லை. உங்களிற் பலர் கடற்கரைப் பங்குகளிலே பிறந்தவர்கள். சோழகம் எப்போது எழும், வாடை எப்போது திரும்பும் என்பதை நாட்காட்டி பாராமலே சொல்லக்கூடிய பெரியவர்கள் உங்கள் இல்லங்களில் இருக்கிறார்கள். மன்னாரிலும் யாழ்ப்பாணக் குடாநாட்டிலும் சங்குக்காகவும் கடலட்டைக்காகவும் முதுகிலே காற்றுச் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு கடலடிக்கு இறங்கும் சுழியோடிகளின் மனைவியரும் பிள்ளைகளும் இப்பத்தியை வாசிப்பதுண்டு. ஆகவே, கடலைப் பற்றிப் பேசும்போது நான் ஒரு மாணவனாகவே பேசுகிறேன். அந்தக் கடலிலே, ஒரு மாலைப்பொழுதில் நான் கற்றுக்கொண்ட பாடம் ஒன்றை உங்களோடு பகிர விரும்புகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன்னர், விடுமுறையிற் சென்ற பங்குத்தந்தை ஒருவருக்குப் பதிலாகத் திருப்பலி நிறைவேற்றுவதற்கென அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்திற்குச் சென்றிருந்தேன். அப்பங்கைச் சேர்ந்த முதியவர் ஒருவர் என்னைக் கார்மேல் என்னும் சிற்றூருக்கு அருகேயுள்ள கடற்கரைக்கு அழைத்துச் சென்றார். அவர் தம் இளமையிலே சுழியோடிகளுக்குப் பயிற்சி அளித்தவர். 1602ஆம் ஆண்டு புறப்பட்டு அக்கரையோரமாகப் பயணித்த ஸ்பானியக் கடலோடி செபஸ்தியான் விஸ்கயீனோவின் கப்பல்களிலே கார்மேல் சபைத் துறவியர் மூவர் இருந்தனர். அவர்களை முன்னிட்டே அவ்விடம் அப்பெயரைப் பெற்றது. வீதிக்கு அப்பால், கடலை நோக்கியபடி, கார்மேல் சபைக் கன்னியரின் மடம் அமைந்துள்ளது. அதனால் அந்தக் கரைக்கு 'மடக் கடற்கரை' என்று பெயர். ஆனால் சுழியோடிகளிடையே அதற்கு இன்னொரு பெயரும் வழங்குகிறது. அது 'பிணவறைக் கடற்கரை'.

பார்வைக்கு அது அழகிய கரை. ஆயினும், கரையிலிருந்து சில அடிகள் வைத்ததுமே நிலம் செங்குத்தாகக் கீழிறங்குகிறது. கடலடிப் பள்ளத்தாக்கு ஒன்று கரையை ஒட்டியே வந்து நிற்கிறது. நமது கடற்கரைகள் பலவற்றில் அலை தொலைவிலேயே உடைந்து, தளர்ந்து, நுரையாகவே நம் காலடிக்கு வருகிறது. அங்கோ ஆழ்கடலின் வேகத்தோடு வரும் அலை கரையின் மீதே உடைகிறது. மணலும் பருக்கையானது, ஊன்றிய கால் வழுகும். திரும்பும் நீர் காலடி மணலையும் மனிதனையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். எச்சரிக்கைப் பலகைகள் இருந்தும் அங்கே உயிரிழந்தோர் பலர்.

நாங்கள் போன வேளையிற் கடல் காலையில் இருந்ததைவிடக் கலங்கியிருந்தது. உடையும் அலைகளுக்கு அப்பால் இரண்டு தலைகள் நீருக்கு மேலே வந்தன. கடலடியிலிருந்து திரும்பிய இரு சுழியோடிகள். அவர்களுள் ஒருவர் கரையைக் கண்டதும் நேராகக் கரையை நோக்கி நீந்தத் தொடங்கினார். உடையத் தொடங்கிய அலையொன்று அவரைப் புரட்டிப் போட்டது. மீண்டும் மேலே வந்தபோது அவரது முகக்கண்ணாடி நெற்றிக்கு ஏறியிருந்தது. மூச்சு வாங்கும் வாய்க்கருவியைத் துப்பிவிட்டிருந்தார். இல்லாத ஏணியில் ஏறுவதுபோல இரு கைகளாலும் நீரை அடித்துக்கொண்டிருந்தார்.

"பார்த்தீர்களா, ஃபாதர்?" என்றார் முதியவர். "சிலிண்டரில் இன்னும் காற்று இருக்கும். ஆனாலும் அதை வாயில் வைக்க மறந்துவிட்டார். பயம் பிடித்தவனுக்குத் தன்னைக் காப்பாற்றும் பொருளே முதலில் பாரமாகத் தெரியும்."

மற்றவர் அவரிடம் விரைந்தார். "ஏன் இன்னும் அவரைப் பிடித்துக் கரைக்கு இழுக்கவில்லை?" என்று நான் பதறினேன். ஏனெனில், அந்தத் தோழர் இரண்டு கை தூரத்தில் நின்று ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். "மேலாடைக்குக் காற்று ஊட்டு என்று சொல்கிறார்," என்றார் முதியவர். சுழியோடிகள் அணியும் மிதவை அங்கியில் ஒரு பொத்தான் உண்டு. அதை அழுத்தினால் சிலிண்டரிலிருந்து காற்று வந்து அங்கி உப்பும், மனிதன் மிதப்பான். ஆனால் அமிழ்ந்துகொண்டிருந்தவருக்கு அந்த வார்த்தை கேட்கவில்லை. கைகளை நீட்டித் தோழரைப் பற்றிப் பிடிக்கப் பாய்ந்தார். தோழர் விலகினார், நீருக்குள் அமிழ்ந்து சுற்றி வந்து, அவரது முதுகுப்புறமாக எழுந்தார். சிலிண்டரைத் தம் இரு முழங்கால்களுக்கிடையே இறுக்கிக்கொண்டார். பின்னாலிருந்தே கையை நீட்டி அங்கியின் பொத்தானை அழுத்தினார். இடுப்பிலே கட்டியிருந்த ஈயப் பட்டியை அவிழ்த்து விட்டார். துடித்துக்கொண்டிருந்த உடல் ஒரு சாண் உயர்ந்து, நீரின் மீது கிடந்தது. பிறகுதான் வாய்க்கருவியை எடுத்து அவரது வாயில் வைத்தார், முகக்கண்ணாடியைச் சரிசெய்தார்.

அடுத்து அவர் செய்தது எனக்கு இன்னும் வியப்பளித்தது. தம் நண்பரைக் கரைக்கு எதிர்த்திசையில், கடலை நோக்கி இழுத்துச் சென்றார்!

"கரை வேறு பக்கம் அல்லவா?" என்றேன்.

"இந்த நேரத்தில் ஆபத்தே கரையில்தான், ஃபாதர். அலை உடையும் இடத்தில் களைத்தவனைக் கொண்டு வந்தால் இரண்டு பேரும் போய்விடுவார்கள். அலைக்கு அப்பால் கடல் ஆடும், ஆனால் அடிக்காது. அங்கே அவன் மிதக்கட்டும், மூச்சு எடுக்கட்டும். கரை எங்கும் போய்விடாது."

நீண்ட நேரம் அவர்கள் அப்படியே மிதந்தார்கள். தோழர் நண்பரின் சிலிண்டர் வாரைப் பிடித்த கையை விடவேயில்லை. அலைகள் தொகுதி தொகுதியாக வருவதை அவர் பார்த்துக்கொண்டிருந்தார். பெரிய அலைகள் சில அடுத்தடுத்து வந்த பிறகு சிறிது நேரம் கடல் ஓயும். அந்த ஓய்வு வந்ததும் இருவரும் ஒன்றாகக் கரையை நோக்கி நீந்தினார்கள். கையில் மணல் தட்டுப்பட்டதும் எழுந்து நிற்கவில்லை. முகக்கண்ணாடியும் வாய்க்கருவியும் அப்படியே இருக்க, குழந்தைகளைப் போல நான்கு காலில் தவழ்ந்தார்கள். பின்னால் வந்த அலை தலைக்கு மேலே போனபோது கைகளை மணலிற் புதைத்து அசையாமற் கிடந்தார்கள். வாயிற் கருவி இருந்தமையால் நுரைக்குள்ளும் மூச்சு வந்தது. நீர் பின்வாங்கி முடிந்ததும் மறுபடியும் தவழ்ந்தார்கள். அந்தக் கரையிலே அனுபவசாலிகளும் அப்படித்தான் வெளியேறுவார்களாம். எழுந்து நிமிர்ந்து நடக்க முயல்பவனையே அலை முதலில் வீழ்த்துமாம்.

உலர்ந்த மணலுக்கு வந்ததும் காப்பாற்றப்பட்டவர் உட்கார்ந்து நடுங்கினார். தோழர் அவருக்கு அருகில் உட்கார்ந்தார். நெடுநேரம் இருவரும் ஒன்றும் பேசவில்லை. 'நேராகக் கரைக்கு நீந்தாதே என்று சொன்னேனே' என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

அன்பர்களே, அந்த மாலைக்குப் பின்னர் உதவி என்னும் சொல்லைப் பற்றிய என் எண்ணம் மாறியது. நல்ல மனம் இருந்தாற் போதும் என்று நாம் நினைக்கிறோம். நல்ல மனத்தோடு மட்டும் பாய்ந்தவன், மூழ்குபவனின் பிடியில் அகப்பட்டு அவனோடு மூழ்குவான். மறுபக்கம், கரையில் பத்திரமாக நின்றுகொண்டு, எப்படி நீந்த வேண்டும் என்று உரக்கக் கூவுகிறவர்களும் இருக்கிறார்கள். நம் குடும்பங்களிலும் பங்குகளிலும் இந்த இரண்டாவது வகையே அதிகம் என்பது என் கருத்து. குருக்களாகிய எங்களையும் சேர்த்தே சொல்கிறேன்.

இதை நான் பிறரைப் பார்த்துச் சொல்லவில்லை. முன்னர் நான் பணியாற்றிய பங்கொன்றில் இளைஞன் ஒருவன் மூன்று தடவை பங்குமனைக்கு வந்தான். கடன், மது, வீட்டிலே சண்டை. முதல் தடவை அவனுக்கு நல்ல புத்தி சொன்னேன். இரண்டாம் தடவை ஒப்புரவு அருட்சாதனம் பெறச் சொன்னேன். மூன்றாம் தடவை, சொன்ன இரண்டையும் அவன் செய்யவில்லையே என்று கடிந்துகொண்டேன். அவன் தலையைக் குனிந்து எழுந்து போனான். அடுத்து நான் அவனைக் கண்டது வைத்தியசாலைக் கட்டிலிலே. தன் உயிரைத் தானே மாய்த்துக்கொள்ள முயன்று, இறைவனின் இரக்கத்தாற் பிழைத்திருந்தான். அவன் என்னைக் குறை சொல்லவில்லை. "ஃபாதர், நீங்கள் சொன்னதெல்லாம் சரிதான். அந்த நேரம் என்ர காதில ஒண்டும் விழயில்ல," என்றான்.

கார்மேல் கரையில் நான் நின்றபோது அந்தக் குரலே என் நினைவுக்கு வந்தது. நான் சொன்னவை யாவும் சரியானவை. ஒப்புரவும் திருந்திய வாழ்வும் மெய்யாகவே கரைதான். ஆனால் மூச்சு முட்டிக்கொண்டிருந்தவனை நான் அலை உடையும் இடத்தின் வழியே கரைக்கு இழுக்கப் பார்த்தேன். அவனுக்கு முதலில் மிதவை வேண்டியிருந்தது. அருகிலே ஒருவன் இருக்கிறான், விட்டுப் போகமாட்டான் என்ற உறுதி வேண்டியிருந்தது. அவன் இடுப்பிலிருந்த ஈயத்தில் ஒரு கட்டியையாவது நான் அவிழ்த்திருக்கலாம். கடன் கொடுத்தவரிடம் சென்று தவணை கேட்டிருக்கலாம். நான் அவனுடைய ஈயத்தின் மீது என்னுடைய ஈயத்தையும் வைத்தேன்.

நம் ஆண்டவர் செய்ததைப் பாருங்கள். மத்தேயு நற்செய்தியின் 14ஆம் அதிகாரத்தில் பேதுரு தண்ணீர்மேல் நடக்கப் புறப்பட்டு, காற்றைக் கண்டு அஞ்சி, அமிழத் தொடங்குகிறார். பேதுரு மீனவர், கடலிலே வளர்ந்தவர். தேர்ந்தவனையும் அச்சம் பிடிக்கும் என்பதற்கு அவரே சாட்சி. அவருடைய செபம் ஒரே மூச்சில் முடிந்துவிடும் கூக்குரல். இயேசு உடனே கையை நீட்டி அவரைப் பிடித்தார். நம்பிக்கைக் குறைவைப் பற்றிய கேள்வியும் வந்தது. ஆனால் கை முந்தியது, கேள்வி பிந்தியது. பிடித்த கைக்குள் இருந்தபடியே பேதுரு அந்தக் கேள்வியைக் கேட்டார். அதனால் அது அவரை அமிழ்த்தவில்லை. இன்னொன்றையும் கவனியுங்கள். அந்த வேளையிற் காற்று அடங்கியிருக்கவில்லை. அவர்கள் படகில் ஏறிய பின்னரே அடங்கியது. புயல் ஓயட்டும், பிறகு உதவுவோம் என்று ஆண்டவர் காத்திருக்கவில்லை.

நம் வீடுகளில் இந்த ஒழுங்கு தலைகீழாக இருக்கிறது. பரீட்சையில் தோற்ற பிள்ளை வீட்டு வாசலில் நிற்கும்போதே கேள்வி தொடங்குகிறது. வெளிநாட்டிலே மணவாழ்வு முறிந்து திரும்பிய மகள் பயணப் பெட்டியைக் கீழே வைக்குமுன்னரே, ஊர் என்ன சொல்லும் என்ற பேச்சு எழுகிறது. போதைப்பொருளுக்கு அடிமையான மகனுக்கு வசையும் சாபமும் கிடைக்கின்றன. கேள்வியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கேட்க வேண்டியதை ஒருநாள் கேட்கத்தான் வேண்டும். தவறைத் தவறென்று சொல்லாத அன்பு முழுமையான அன்பாகாது. ஆனால் முதலில் கையைக் கொடுங்கள். சாப்பிட வையுங்கள். உறங்க விடுங்கள். இது உன் வீடு என்று சொல்லுங்கள். மூச்சு சீரானவனுக்கே காது கேட்கும்.

இனி, உதவப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. அந்தத் தோழர் முதலில் இரண்டு கை தூரத்தில் நின்றாரே, அது கல்நெஞ்சம் அல்ல. பயத்திலே பாய்பவன் தன் கைக்கு எட்டியவனை மிதிகட்டையாக்கி ஏறப் பார்ப்பான். அவன் நம்மைப் பகைக்கவில்லை. அவனுடைய அச்சமே அப்படிச் செய்யத் தூண்டுகிறது. அப்படிப் பிடிக்கப்பட்டாற் கீழ்நோக்கி அமிழ வேண்டும், பயந்தவன் மேலேதான் போக விரும்புவான், ஆகவே பிடியை விடுவான் என்று சுழியோடிகளுக்குக் கற்பிக்கிறார்கள். விடுபட்ட பின்னர் அவனைக் கைவிட்டுப் போவதில்லை. சுற்றி வந்து வேறு பக்கத்தால் அவனை நெருங்குகிறார்கள். குடிக்கும் கணவனோடு வாழும் சகோதரியே, அடிக்கு உன்னை ஒப்புக்கொடுப்பது அன்பு என்று யாரேனும் உனக்குச் சொல்லியிருந்தால், அது தவறான போதனை. கைக்கு எட்டாத தூரத்தில் உன்னையும் பிள்ளைகளையும் காத்துக்கொள்வது பாவமல்ல. அங்கிருந்தபடியே அவருக்காக மன்றாடவும், அவருக்கு உதவக்கூடியவர்களை அழைக்கவும் முடியும்.

புனித பவுல் கலாத்தியருக்கு எழுதிய திருமுகத்தின் 6ஆம் அதிகாரத்தில், ஒருவர் மற்றவருடைய சுமையைத் தாங்கும்படி கேட்கிறார். சில வரிகள் தாண்டி, ஒவ்வொருவரும் தம் சொந்தச் சுமையைச் சுமக்க வேண்டும் என்றும் சொல்கிறார். குருமடத்தில் படித்த காலத்தில் இவ்விரண்டும் எனக்கு முரணாகத் தோன்றின. சுழியோடிகளைக் கண்ட பின்னர் முரண் மறைந்தது. அவர்கள் ஒவ்வொருவரும் தத்தம் சிலிண்டரைத் தாமே சுமக்கிறார்கள். ஆயினும் ஒவ்வொருவரிடமும் இரண்டாவது வாய்க்கருவி ஒன்று தொங்குகிறது. அது காற்றுத் தீர்ந்த தோழனுக்கானது. திரும்பும்போது இருவர் மேலே வருவதற்குப் போதிய காற்றை மிச்சம் வைத்தே அவர்கள் திட்டமிடுகிறார்கள். நமது செபவாழ்வும் அப்படித்தான். தனக்கே மூச்சில்லாதவன் பிறனுக்கு எதைக் கொடுப்பான்? குடும்ப செபமாலையும் ஞாயிறு திருப்பலியும் நமக்கு மட்டும் போதுமான அளவுக்கு வேண்டுமென்று எண்ணாதீர்கள். உங்கள் அருகே ஒருவருக்குக் காற்றுத் தீரும் நாள் வரும். அந்த நாளுக்கும் சேர்த்துச் செபியுங்கள்.

முதியவர் சொன்ன இன்னொரு வழக்கமும் என் மனதைத் தொட்டது. நீரில் இறங்குமுன் இருவரும் ஒருவர் மற்றவருடைய வாரையும் கருவியையும் காற்றின் அளவையும் பரிசோதிக்கிறார்கள். சிறிது நேரம் நின்று அலைகளைப் பார்க்கிறார்கள். அப்போது எவராவது ஒருவர், 'இன்று வேண்டாம்' என்று சொன்னால் இருவருமே திரும்ப வேண்டும். காரணம் கேட்கக்கூடாது; கோழை என்று ஏளனம் செய்யக்கூடாது. எத்தனை மைல் தொலைவிலிருந்து வந்திருந்தாலும் சரி. பெரும்பாலான உயிர்கள் நீரிலே அல்ல, கரையிலே சொல்லப்படும் இந்த ஒரு வார்த்தையாலேயே காப்பாற்றப்படுகின்றன என்றார் அவர்.

உங்கள் வீட்டிலே 'என்னால் இயலவில்லை' என்று ஒரு பிள்ளை ஏளனத்துக்கு அஞ்சாமற் சொல்ல முடியுமா? பேசி முடித்த திருமணத்தை வேண்டாம் என்று ஒரு பெண் சொன்னால் அவளுக்குச் செவிகொடுப்போமா? முகவரை நம்பிக் கடல்கடந்து செல்லப் புறப்பட்ட இளைஞன், விமான நிலையத்திலிருந்து திரும்பி வந்தால் அவனை அணைத்துக்கொள்வோமா? திரும்பி வருவதை அவமானமாக்கிய வீடே பிள்ளைகளைப் புயலுக்குள் தள்ளுகிறது.

தனியாக எல்லாவற்றையும் செய்துவிடலாம் என்றும் எண்ண வேண்டாம். நீரிலே தோழர் தம்மால் ஆனதைச் செய்தார். தேவைப்பட்டால் உதவிக்குழுவை அழைப்பதற்கு முதியவர் கையிலே தொலைபேசியோடு நின்றார். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணத்தோடு போராடுபவர் உங்கள் வீட்டில் இருந்தால், அவரைத் தனியே விடாதீர்கள். மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். 1926 என்னும் தேசிய மனநல உதவி இலக்கம் நம் நாட்டில் இருக்கிறது. அதை அழைப்பது விசுவாசக் குறைவு அல்ல. கடவுள் தம் கையை மருத்துவர் வழியாகவும் நீட்டுவார்.

அந்த இளைஞன் இன்று நலமாக இருக்கிறான். அவனைப் பிழைக்க வைத்தது நான் அல்லேன். அவனுடைய பள்ளித் தோழன் ஒருவன், சாதாரணமான மோட்டார்த் திருத்துநர், ஒவ்வொரு மாலையும் வைத்தியசாலைக்கு வந்து அவன் கட்டிலருகே உட்கார்ந்திருந்தான். அதிகம் பேசியதாக எனக்கு நினைவில்லை. வீடு திரும்பிய பின்னர் அவனைத் தன் பட்டறைக்கு அழைத்துச் சென்றான். பல மாதங்கள் கழித்து, இருவரும் ஒன்றாகவே ஒரு சனிக்கிழமை மாலை பாவசங்கீர்த்தனத் தொட்டிக்கு வந்து வரிசையில் நின்றார்கள். கரை எங்கும் போய்விடவில்லை.

இந்த வாரம் உங்களைச் சுற்றிப் பாருங்கள். முகக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, வாய்க்கருவியைத் துப்பிவிட்டு, ஓசையின்றித் தவிக்கும் ஒருவர் உங்கள் உறவிலோ அயலிலோ இருக்கக்கூடும். அவரிடம் செல்லுங்கள். அறிவுரையை வீட்டில் வைத்துவிட்டுச் செல்லுங்கள். அவர் மிதக்கும்வரை பிடித்துக்கொள்ளுங்கள். அலை ஓயும் நேரத்துக்குச் சேர்ந்து காத்திருங்கள். பிறகு, நிமிர்ந்து நடக்கும் பெருமையை விட்டு, இருவருமாக முழந்தாளிலே தவழ்ந்து கரையேறுங்கள்.

கடல்மீது நடந்து வந்து, அமிழ்ந்த சீடனை உடனே பற்றிக்கொண்ட ஆண்டவரே, எங்கள் கைகளையும் அவ்வாறே விரைந்து நீளச் செய்தருளும். பேசுவதற்கு முன் பிடிக்கவும், பிடித்த பின் விடாதிருக்கவும் எங்களுக்குக் கற்பித்தருளும். ஆமென்.